பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? ஒரு நகரத்தைத் திணறவைத்த 12 நாள்கள்!

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் போன வருடம் ஒரு ஸ்கூட்டர் காணாமல்போனது. மூன்றாவது மாடி டீச்சரம்மாவின் வண்டி. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"கேமராதான் எட்டு மாட்டியிருக்கோமே... போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடப்போகுது" என்று எல்லோரும் தைரியமாகத்தான் இருந்தோம். அசோசியேஷன் செகரெட்டரி மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். பழைய பதிவைப் பார்க்க, திரை பாஸ்வேர்டு கேட்டது.

"என்ன சார் பாஸ்வேர்டு?"

"எனக்கெங்க தெரியும்? பழைய செகரெட்டரியைக் கேட்டுப் பாருங்க."

அவர் வீடு மாறி பெங்களூரு போய்விட்டார். போனில் பிடித்தோம். "அது கேமரா மாட்டின பையன் வெச்சது சார். நான் போன்லயே பார்த்துடுவேன். பாஸ்வேர்டுன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் இல்லை" என்றார். அந்தப் பையனின் நம்பர் உபயோகத்தில் இல்லை. அவன் வேலை பார்த்த கடையும் இப்போது இல்லை.

ஒருவழியாக ரெக்கார்டரைத் திறக்கப் பத்து நாள் ஆனது. அதில் பதிவு தங்குவதோ ஏழு நாள். திருட்டு நடந்த இரவுக்கு மேல் புதிய பதிவு ஏறிவிட்டிருந்தது. டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. புது செகரெட்டரி தன் போனில் கேமராவை இணைக்கப் பார்த்தபோது, 'இந்தக் கருவி ஏற்கெனவே வேறொரு கணக்கில் இணைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. யாருடைய கணக்கு? கேமரா மாட்டிய பையனுடையது. அவன் தப்பான எண்ணத்தில் செய்திருக்க வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் கணக்கிலேயே போட்டுவிட்டுப் போயிருப்பான். ஆனால், மூன்று வருடமாக நம் வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்குப் போவதையும் வருவதையும் அவன் நினைத்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அவனைத் தடுக்க எங்கள் யாரிடமும் ஒரு வழியும் இருக்கவில்லை.

'இதெல்லாம் நம்ம ஊர் அலட்சியம்' என்று அன்று தோன்றியது. ஆனால், இன்டர்நெட் உலகின் தலைவாசலான சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு மாநகராட்சி இதே மாதிரி மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறது!

சிறைக்குப் போய் பாஸ்வேர்டு வாங்கிய மேயர்

2008 ஜூலை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. நகர நிர்வாகத்தின் அலுவலகங்களை எல்லாம் இணைக்கும் 'ஃபைபர்வேன்' என்ற நெட்வொர்க்கை வடிவமைத்து, கட்டி, கவனித்துவந்தவர் டெரி சைல்ட்ஸ் என்ற இன்ஜினீயர். ஊழியர்களின் இமெயில், சம்பளக் கணக்கு, காவல்துறை ஆவணங்கள் எனப் பலவும் அதன் வழியாகத்தான் போய்வந்தன. கெட்டிக்காரர். தன் நெட்வொர்க்கைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டவர்.

மேலதிகாரிகளுடன் அவருக்கு உரசல் வந்தது. ஜூலை 9-ம் தேதி ஒரு கூட்டத்துக்கு அழைத்து, 'நெட்வொர்க் கருவிகளின் பாஸ்வேர்டுகளைக் கொடு' என்று கேட்டார்கள். அவர் சரியானவற்றைக் கொடுக்கவில்லை. 'தகுதியில்லாதவர்களிடம் கொடுத்தால் நெட்வொர்க்கைக் கெடுத்துவிடுவார்கள்' என்பது அவர் கட்சி. சில நாள்களில் கைதானார். 50 லட்சம் டாலர் ஜாமீன் தொகை விதிக்கப்பட்டது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

'பாஸ்வேர்டு போனால் என்ன, கருவியை அணைத்துப் போட்டு மாற்றிக்கொள்ளலாமே' என்று தோன்றும். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. சில கருவிகளில் பாஸ்வேர்டை மீட்கும் வசதியையே முடக்கியிருந்தார். சிலவற்றின் அமைப்பு விவரங்கள் நிரந்தர நினைவகத்தில் சேமிக்கப்படாமல், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருந்தன. அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும்.

கடைசியில் ஜூலை 21-ம் தேதி நகர மேயரே சிறைக்குப் போனார். அவரிடம் மட்டும் பாஸ்வேர்டுகளை ஒப்படைத்தார் சைல்ட்ஸ். அந்த மேயர், பின்னாளில் கலிபோர்னியாவின் கவர்னரான கேவின் நியூசம்.

இதில் யோசிக்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த 12 நாள்களும் நெட்வொர்க் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது! இமெயில் போனது, சம்பளம் போனது. ஆனால், ஏதாவது பழுதானால் சரிசெய்ய ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. ஓடும் பஸ்ஸில் டிரைவர் சீட் பூட்டிக்கிடப்பது மாதிரி.

2010 ஏப்ரலில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அந்த ஜூரியில் ஒருவர் நெட்வொர்க் இன்ஜினீயர் என்பது சுவாரஸ்யம். நான்கு வருட சிறைத் தண்டனை. நஷ்டஈடாகச் சுமார் 15 லட்சம் டாலர் கட்டவும் பின்னர் உத்தரவானது.

'அவர் செய்தது சரியா, தவறா' என்று இன்ஜினீயர்கள் இன்றும் வாதம் செய்வார்கள். ஆனால், ஒரு மனிதர் மட்டுமே எல்லாக் கதவையும் திறக்க முடியும் என்ற நிலை எப்படி வந்தது? அதைப் பல வருடமாக யாரும் கேட்காமல் விட்டது நிர்வாகத்தின் பிழை. அவருக்கு மாரடைப்பு வந்திருந்தாலும் நகரம் அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த சாவி

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் சாவி இருப்பது ஒரு பிரச்னை என்றால், ஊருக்கே சாவி தெரிந்திருப்பது இன்னொரு பிரச்னை.

2016-ல் 'மிராய்' என்ற ஒரு கெட்ட புரோகிராம் கிளம்பியது. அதன் தந்திரம் ரொம்ப எளிமை. இன்டர்நெட்டில் இருக்கும் கேமரா, வீடியோ ரெக்கார்டர், ரவுட்டர் ஒவ்வொன்றின் கதவையும் தட்டும். கம்பெனி வைத்து அனுப்பிய யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60 அதன் கையில் இருந்தன. 'அட்மின் - அட்மின்' மாதிரியானவைதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். திறந்துகொண்டால், அந்தக் கருவி அதன் அடிமை.

இப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான கருவிகளில் ஒரு பகுதியை ஏவிவிட்டு, 2016 அக்டோபர் 21 அன்று 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் வேலை அந்த நிறுவனத்துடையது. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எனப் பெரிய தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் திறக்கவில்லை. அதற்கு உதவிய கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கோ தங்கள் கேமரா அப்படியொரு வேலை செய்தது தெரியவே தெரியாது!

மிராயை எழுதியவர்கள் இருபதைத் தொட்ட மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இதற்குப் பிறகுதான் சட்டங்கள் விழித்துக்கொண்டன. இணையத்தில் இணையும் கருவிகளுக்கு ஒரே பொது பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது என்ற வகையில் கலிபோர்னியாவில் 2020 முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும் சட்டம் அமலில் இருக்கிறது.

வாட்ச்மேன் செய்யும் வேலைதான்!

ஒருவரிடமே இருக்கவும் கூடாது. எல்லோரிடமும் இருக்கவும் கூடாது. அப்படியென்றால் என்னதான் செய்வது?

உங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனைக் கவனியுங்கள். விருந்தாளி ஒருவர் வருகிறார். வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்டர்காமை எடுத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார். 'வரச் சொல்லுங்க' என்றால் கேட் திறக்கும். 'தெரியாதே' என்றால் திறக்காது. உள்ளே போனவரின் பெயர், நேரம் எல்லாம் நோட்டில் ஏறும்.

நெட்வொர்க் உலகிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. பெயர், ரேடியஸ். ஒரு ஆபீஸிலோ கல்லூரியிலோ 40 ஸ்விட்ச், 10 யூ.பி.எஸ், 60 கேமரா இருப்பதாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக பாஸ்வேர்டு வைத்தால் யாரும் நினைவில் வைக்க முடியாது. அதனால், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிடுவார்கள். அது பத்துப் பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், நூற்றுப்பத்து கருவிகளிலும் மாற்ற வேண்டும். யார் மாற்றுவது? அப்படியே விட்டுவிடுவார்கள்.

ரேடியஸ் முறையில், கருவிக்குள் யாருடைய பெயரும் இருக்காது. குமார் என்பவர் ஒரு யூ.பி.எஸ்-க்குள் நுழையப் பார்த்தால், அந்த யூ.பி.எஸ் நடுவில் இருக்கும் ஒரு சர்வரைக் கேட்கும்: 'குமார்னு ஒருத்தர் வந்திருக்கார், இந்த பாஸ்வேர்டு சொல்றார், விடலாமா?' சர்வர் 'விடு' அல்லது 'விடாதே' என்று பதில் சொல்லும். 'விடு, ஆனால் பார்க்க மட்டும்தான், எதையும் மாற்ற விடாதே' என்றும் சொல்லலாம். யார், எப்போது நுழைந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளவும் வழி உண்டு. குமார் வேலையை விட்டால் சர்வரில் ஒரு பெயரை நீக்கினால் போதும். அந்த நிமிடம் முதல் எந்தக் கருவிக்குள்ளும் புதிதாக நுழைய முடியாது.

இது நேற்று வந்ததல்ல. போன் லைன் வழியாக இன்டர்நெட் இணைத்த காலத்தில், 1991-ல், அமெரிக்காவின் மெரிட் நெட்வொர்க்குக்காக லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் உருவாக்கியது. டயல்-அப் போய்விட்டது, ரேடியஸ் மட்டும் நிலைத்துவிட்டது. வீட்டு பிராட்பேண்ட் இணைப்பை ரவுட்டர் துவக்கும்போது, யூசர்நேமைச் சரிபார்க்கப் பல நிறுவனங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு பல்கலைக்கழக மாணவர் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் சொந்த ஊர் பாஸ்வேர்டிலேயே வைஃபை கிடைக்கச் செய்யும் 'எடுரோம்' சேவையும் ரேடியஸின் தயவுதான். இதற்கான இலவச சர்வர் மென்பொருளான 'ஃப்ரீரேடியஸ்' 1999-லிருந்து வளர்ந்துவருகிறது. லைசென்ஸ் செலவில்லை.

மாட்டும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க...

பள்ளியிலோ, மருத்துவமனையிலோ, சிறு தொழிற்சாலையிலோ இதை அமைக்கப்போகிறீர்களா? அல்லது அமைப்பவரை மேற்பார்வை செய்யப்போகிறீர்களா? இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறை, பிறகு சர்வர்: ஒவ்வொரு கருவியிலும் உள்ளூர் நிர்வாகக் கணக்கு ஒன்று இருக்கும். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றி, நீளமானதாக வையுங்கள். அதைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்திட்டு பீரோவில் வையுங்கள். அவசரத்துக்குப் பிரித்தால், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை போடுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இப்படியொரு உறை இருந்திருந்தால், மேயர் சிறைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

ரகசியச் சொல் சரியாக இருக்கட்டும்: இன்டர்காமில் பேசுவது உண்மையில் வீட்டுக்காரர்தானா என்று வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகக் கருவிக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு இடைவெளி கூடினாலும் வேலை செய்யாது. 'பாஸ்வேர்டு தப்பு' என்றுகூடச் சொல்லாமல் பதிலே வராமல் போகலாம். பலரும் நாள் முழுக்கத் தேடுவது இந்தப் பிழையைத்தான். ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறு ரகசியச் சொல் வைப்பது நல்லது.

கதவு எண் பொருந்த வேண்டும்: சரிபார்ப்புக்கு 1812, வருகைப் பதிவுக்கு 1813 என்ற போர்ட் எண்கள் இப்போது வழக்கம். பழைய கருவிகள் 1645, 1646 கேட்கலாம். நடுவில் இருக்கும் ஃபயர்வால் இவற்றை விடுகிறதா என்றும் பாருங்கள்.

வரிசையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: பல கருவிகளில் மூன்று தேர்வுகள் இருக்கும். உள்ளூர்க் கணக்கு மட்டும், முதலில் ரேடியஸ், பிறகு உள்ளூர், ரேடியஸ் மட்டும். மூன்றாவதுதான் பாதுகாப்பு என்று பட்டென்று அழுத்திவிடாதீர்கள். சர்வர் படுத்துவிட்டால் நீங்களும் வெளியேதான் நிற்க வேண்டும். யூ.பி.எஸ் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். கரன்ட் போய், சர்வர் அணைந்த நேரத்தில்தான் யூ.பி.எஸ்-க்குள் நுழைய வேண்டியிருக்கும். அந்த யூ.பி.எஸ்-ஸோ, அணைந்துபோன சர்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும்! பெரும்பாலும் இரண்டாவது தேர்வே நல்லது. முடிந்தால் இன்னொரு இடத்தில் இரண்டாவது சர்வரையும் வையுங்கள்.

திறந்த ஜன்னலை மூடாதீர்கள்: மாற்றங்களைச் செய்த பிறகு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் லாகினை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் பழையதை மூடலாம். பிறகு, வேண்டுமென்றே சர்வரை நிறுத்திவிட்டு, உள்ளூர்க் கணக்கு கைகொடுக்கிறதா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வழியையும் பூட்டுங்கள்: சர்வர் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கருவிக்குப் போகும் பாதை திறந்துகிடந்தால் பாஸ்வேர்டு வழியிலேயே களவு போகும். டெல்நெட், சாதாரண ஹெச்டிடிபி இரண்டையும் நிறுத்திவிட்டு, எஸ்எஸ்ஹெச், ஹெச்டிடிபிஎஸ் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ரேடியஸும் வயதானதுதான். 2024 ஜூலையில், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சர்வர் சொல்லும் 'விடாதே'வை 'விடு' என்று மாற்ற முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 'பிளாஸ்ட் ரேடியஸ்' என்று அதற்குப் பெயர். கருவியையும் சர்வரையும் அப்டேட் செய்து, 'மெசேஜ் அதென்டிகேட்டர்' என்ற சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டும். ரேடியஸ் பேச்சை வெளி இன்டர்நெட்டில் அப்படியே அனுப்பாமல், டிஎல்எஸ் அல்லது விபிஎன் வழியாக அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு இவ்வளவும் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு கேமராவுக்கும் ஒரு ரவுட்டருக்கும் யாரும் சர்வர் வைக்கச் சொல்லவில்லை. ஆனால், அதே கொள்கையை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று, வைஃபைக்கு. இன்னொன்று, ரவுட்டரின் அமைப்பையே மாற்றுவதற்கு. விருந்தாளிக்குச் சொல்வது முதலாவது. நாம் மறந்தே போவது இரண்டாவது. அதை இன்றே மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதி தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

கேமரா மாட்ட ஆள் வந்தால், உங்கள் போனில், உங்கள் இமெயிலில், உங்கள் கணக்கில் இணைக்கச் சொல்லுங்கள். 'நான் போட்டுத் தர்றேங்க்கா, நீங்க பார்த்துக்கிட்டா போதும்' என்றால், 'இல்லப்பா, நீ சொல்லு, நான் போடுறேன்' என்று சொல்லுங்கள். பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள்.

வீட்டில் நான்கு பேர் பார்க்க வேண்டும் என்றால், ஒரே பாஸ்வேர்டை நான்கு பேருக்கும் சொல்லாதீர்கள். பல கேமரா ஆப்களில் 'ஷேர்' வசதி இருக்கிறது. அவரவர் கணக்குக்குத் தனித்தனியாகக் கொடுங்கள். வாடகைக்கு இருந்தவர் காலி செய்தால், அவருடையதை மட்டும் நீக்கினால் போதும்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டில் இன்னொருவருக்கு வழி தெரிய வேண்டும். வங்கிப் பாஸ்புக்கும் பத்திரமும் இருக்கும் அதே பீரோவில் ஓர் உறை இருக்கட்டும்.

எங்கள் அப்பார்ட்மென்ட் கதைக்கு வருகிறேன். கேமரா கம்பெனிக்கு பில்லையும் சீரியல் நம்பரையும் அனுப்பி, பழைய கணக்கிலிருந்து விடுவித்து வாங்குவதற்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. இப்போது அது அசோசியேஷன் பெயரில் தொடங்கிய இமெயிலில் இருக்கிறது. செகரெட்டரி, பொருளாளர், வாட்ச்மேன் மூவருக்கும் தனித்தனி அனுமதி. வாட்ச்மேன் அண்ணனால் நேரலை பார்க்க முடியும். எதையும் அழிக்க முடியாது. வருடாந்திரக் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு ஓர் உறையும் கைமாறுகிறது. யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பெயர் பெயராகப் படித்து, போனவர்களை நீக்குகிறோம்.

ஸ்கூட்டர் கிடைக்கவில்லை. டீச்சரம்மா இப்போது பஸ்ஸில் போகிறார். கடந்த கூட்டத்தில் உறையின் மேல் இரண்டாவது கையெழுத்து யார் போடுவது என்று கேட்டபோது, முதலில் எழுந்து வந்தவர் அவர்தான்.